பழைய அம்பாசடர் வீடு வந்து சேர

பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரை அடியொற்றி, மேற்கு வங்காளத்தின் உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 1950களின் இறுதியில் தயாரிக்கத் தொடங்கிய அம்பாசடர், வெளித்தோற்றத்தில் பெரிய மாற்றமின்றி 2014 மே மாதம் வரை ஆலையிலிருந்து வெளிவந்தது. அமைச்சர்களையும் வாடகைப் பயணிகளையும் ஒரே வடிவத்தில் சுமந்த இந்தக் கார், உற்பத்தி நின்ற பிறகு சேகரிப்போரின் விருப்பத்துக்கு உரியதாக மாறியிருக்கிறது. வாங்க வருவோரில் பெரும்பாலோர் முன்மூடியைத் திறந்து எஞ்சின் ஓசையைக் கேட்டே முடிவுக்கு வருகின்றனர் என்றாலும், பழைய அம்பாசடரில் அஞ்ச வேண்டியவற்றுள் எஞ்சின் கடைசி இடத்திலேயே இருக்கிறது. உடற்கூடும் ஆவணங்களுமே முதல் இரண்டு இடங்களைப் பிடிக்கின்றன.

உடற்கூட்டை முதலில் வைப்பதற்குக் காரணம் அதன் கட்டுமான முறை. சென்னைக்குத் தெற்கே வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரில் சுமையைத் தாங்கத் தனியாக ஓர் இரும்புச் சட்டகம் உண்டு. அதன்மேல் பொருத்தப்பட்ட தகடுகளை வேண்டும்போது கழற்றி மாற்றலாம். அம்பாசடரிலோ தனிச் சட்டகம் இல்லாமல், தரைத்தகடும் பக்கச் சுவர்களும் கூரையும் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்ட கூடே முழுச் சுமையையும் தாங்குகிறது; இதற்கு மோனோகாக் அமைப்பு என்று பெயர். ஆகவே ஹெரால்டின் கதவில் துரு ஏறினால் அழகு மட்டுமே கெடும், அம்பாசடரின் அடித்தளத்தில் துரு ஏறினால் வண்டியின் வலிமையே குறைகிறது. கதவுகளுக்குக் கீழே நீளவாட்டில் ஓடும் பெட்டி போன்ற பகுதி, மிதியடிக்கு அடியிலுள்ள தரைத்தகடு, டிக்கியின் அடிப்பாகம், ஜாக்கி வைக்கும் இடங்கள் ஆகியவற்றில் மழைநீரும் சேறும் தங்குவதால் அரிப்பு அங்கேதான் தொடங்குகிறது. மேலே பட்டி பூசிப் புதிதாக வண்ணம் அடித்திருந்தால் கண்ணுக்கு எதுவும் தெரியாது. ஆனால் மெல்லிய துணி சுற்றிய காந்தத்தைத் தகட்டின்மேல் நகர்த்தினால், பட்டி தடித்திருக்கும் இடத்தில் அது ஒட்டாமல் நழுவும். பளபளக்கும் புது வண்ணத்தைவிட, அங்கங்கே மங்கிய பழைய வண்ணமே வாங்குபவருக்கு உண்மையைச் சொல்லும் என்பதால், விலை பேசுமுன் வண்டியைப் பட்டறையில் தூக்கி நிறுத்தி அடிப்பக்கத்தைப் பார்ப்பதே முறை.

எஞ்சினைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். நெடுங்காலம் அதில் இருந்த 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின் எளிமையானது. 1990களில் வந்த 1.8 லிட்டர் இசுசூ எஞ்சின் அதைவிட வலியது. தேய்ந்த எஞ்சினைப் பிரித்துப் புதுப்பிக்கத் தெரிந்த மூத்த மெக்கானிக்குகள் இன்னும் பல ஊர்களில் இருக்கின்றனர். சென்னையின் புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தைகளில் தேடினால் பாகங்களும் கிடைக்கின்றன.

ஆவணங்களில் தலையானது ஆர்.சி. எனப்படும் பதிவுச் சான்று. சொந்தப் பயன்பாட்டுக் காருக்கு இது 15 ஆண்டுகளுக்கே செல்லும். அதன்பின் வண்டி தகுதியானதென்று சோதிக்கப்பட்டு, ஐந்து ஐந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கப்பட வேண்டும். இதற்கான கட்டணம் 2022இல் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. சான்றிலுள்ள சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் வண்டியில் பொறிக்கப்பட்டவற்றோடு பொருந்த வேண்டும் என்பது அம்பாசடருக்குக் கூடுதலாகப் பொருந்தும். ஏனெனில் செலவைக் குறைக்கப் பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சினை ஏற்றிய வண்டிகள் ஏராளம், அந்த மாற்றம் சான்றில் ஏறியிராவிட்டால் பெயர் மாற்றமே தடைபடும். பெயர் மாற்றத்துக்குரிய 29, 30 ஆம் எண் படிவங்களோடு, வேறு மாநிலத்து வண்டியாயின் அங்கிருந்து தடையின்மைச் சான்றும் தேவை. 50 ஆண்டுகளைக் கடந்து, மூல வடிவம் மாறாத கார்களுக்கென 2021 ஜூலையில் மத்திய அரசு தனி விதிகளை வெளியிட்டது. அவ்விதிகளின்கீழ் பதிவாகும் வண்டியைக் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்றவற்றுக்கு ஓட்டலாமே தவிர அன்றாடப் பயணத்துக்கு ஓட்டக்கூடாது.

விலை முடிந்து சாவி கைக்கு வந்ததும் பலர் அப்படியே நெடுஞ்சாலையில் ஏறிவிடுகின்றனர். இங்கே நினைவில் கொள்ள வேண்டியது, நாள்தோறும் ஓடித் தேய்ந்த காரைவிடக் கொட்டகையில் நின்றே காலம் கழித்த கார் அதிக ஆபத்தானது என்பதாகும். பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது; ஆண்டுக்கணக்கில் மாற்றப்படாத திரவத்தில் நீர் சேர்வதால் சிலிண்டர்கள் உள்ளே துருப்பிடிப்பதோடு, திரவத்தின் கொதிநிலையும் தாழ்கிறது. பழைய அம்பாசடரில் நான்கு சக்கரங்களிலும் இருப்பவை டிரம் பிரேக்குகள். இவை தொடர்ந்து அழுத்தினால் எளிதில் சூடேறுபவை. மலைச்சரிவில் இறங்கும்போது அந்தச் சூட்டில் திரவம் கொதித்து ஆவியானால், மிதி தரைவரை இறங்கியும் வண்டி நிற்காது. டயரில் பட்டை நிறைய இருப்பது மட்டும் போதாது. அதன் பக்கச்சுவரிலுள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரத்தையும் பின் இரண்டு ஆண்டையும் குறிப்பதால், 2312 என்றிருந்தால் அது 2012ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் தயாரானது, அதை நம்பி நெடுந்தூரம் செல்லலாகாது.

எரிபொருளிலும் இத்தகைய சிக்கல் உண்டு. தேங்கிய பெட்ரோல் பிசினாகி கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைக்கும். தொட்டியின் துரு குலுங்கி எழுந்து குழாயை அடைக்கும். இப்போது விற்கப்படும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல், பழைய ரப்பர் குழாய்களையும் பெட்ரோல் பம்பின் சவ்வையும் அரிக்கக்கூடியது. ஆகவே தொட்டியை வடித்து, குழாய்களையும் வடிகட்டியையும் மாற்றிய பின்பே புறப்பட வேண்டும். கோடை நண்பகலில் எஞ்சின் சூட்டினால் குழாயிலுள்ள பெட்ரோல் ஆவியாகி ஓட்டம் நின்றுபோவதும் உண்டு. பம்பின்மேல் ஈரத்துணி போட்டுக் காத்திருப்பது இதற்குப் பழைய ஓட்டுநர்கள் கண்ட வைத்தியம். அதிகாலையில் புறப்படுவது அதைவிட மேல்.

புறப்பட்டு 20 கிலோமீட்டர் சென்றதும் நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்பகுதியையும் கையால் நெருங்கிப் பார்க்க வேண்டும். ஒன்று மட்டும் மிகுதியாகச் சுட்டால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது அல்லது பேரிங் கெட்டிருக்கிறது. ஃபேன் பெல்ட், பிளாட்டினம் பாயிண்ட், கண்டென்சர், ஃபியூஸ், நிறையத் தண்ணீர் ஆகியவை உடன் இருப்பது நல்லது. ஃபேன் பெல்ட் ஒன்று அறுந்தாலே தண்ணீர் பம்பும் மின்னேற்றமும் ஒருசேர நின்றுவிடும்.

காப்பீடு இல்லாமல் சாலையில் ஏறுவது குற்றம். விற்றவரின் மூன்றாம் நபர் காப்பீடு வாங்கியவருக்குச் செல்லுபடியானாலும், காப்பீட்டை முறைப்படி தம் பெயருக்கு மாற்ற 14 நாள்களுக்குள் அவர் விண்ணப்பிக்க வேண்டும். பிரேக்கும் டயரும் எரிபொருள் குழாய்களும் புதுப்பிக்கப்படாத நிலையில், ஓராண்டுக்கு மேல் நின்ற வண்டியை ஓட்டி வருவதைவிட லாரியில் ஏற்றிக் கொண்டுவருவதே சரியான முடிவு. அதற்கான வாடகையையும் காரின் விலையோடு சேர்த்தே வாங்குபவர் கணக்கிட வேண்டும்.