நேரசூசியும் கணினியும்

வார இறுதித் தமிழ்ப் பள்ளிக்கு நேரமே பெருஞ்செல்வம். பலெர்மோ மாநகரில் வாழும் எம்மவர் பலர் வாரம் முழுவதும் உழைத்துக் களைத்த பின்னரே பிள்ளைகளைத் தமிழ் வகுப்பிற்கு அழைத்து வருகின்றனர். ஆசிரியர்களும் தம் ஓய்வு நேரத்தையே பள்ளிக்கு ஈகின்றனர். ஓர் ஆசிரியருக்கு ஒரே பாடவேளையில் இரு வகுப்புகள் அமைந்துவிட்டால், ஒரு வகுப்புப் பிள்ளைகள் அன்று பாடமின்றியே வீடு திரும்புவர். அடுத்த பாடத்திற்கு ஒரு வாரம் காத்திருத்தல் வேண்டும். ஆகவே, நேரசூசியைக் கணினி கொண்டு அமைக்கும் முறையைப் பெற்றோரும் மாணவரும் அறிந்திருத்தல் நன்று எனக் கருதி இக்கட்டுரையை வரைகின்றோம்.

நேரசூசி அமைப்பது அத்துணைக் கடினமா என்று சிலர் வினவலாம். இத்தாலியப் பள்ளிகளிற் பயிலும் எம் மாணவர் இதன் விடையை ஓரளவு அறிவர். செப்டெம்பரிற் பள்ளி தொடங்கும்போது முதலில் தற்காலிக நேரசூசியும், பின்னரே இறுதி நேரசூசியும் அவர்கள் கைக்கு வருவது வழக்கமன்றோ? ஒரு சிறு கணக்கினைப் பார்ப்போம். ஒரு வகுப்பிற்கு நான்கு பாடங்களும் நான்கு பாடவேளைகளும் இருப்பின், அவற்றை 24 வகையாக அடுக்கலாம். ஆறு வகுப்புகளை ஒருங்கே எண்ணினாலோ, 19 கோடிக்கும் மேற்பட்ட அடுக்குகள் கிடைக்கும். அவற்றுள் ஆசிரியர் மோதலும் அறை மோதலும் இல்லாதனவற்றையே நாம் தேடுகின்றோம். ஆசிரியர் வரவியலாத வேளைகள் போன்ற கட்டுப்பாடுகளும் சேரும்போது இச்சிக்கல் மிகக் கடினமான கணக்குகளின் வகையைச் சேர்ந்துவிடும் என்பதனை ஈவென், இத்தாய், ஷமீர் என்னும் மூவரும் 1976இல் நிறுவினர். எல்லா நிலைகளிலும் விரைந்து விடை தரும் உறுதியான வழி இன்றுவரை கண்டறியப்படவில்லை.

ஆயினும் பள்ளிகளின் அளவிற்கு நல்ல விடை காணும் மென்பொருள்கள் உள்ளன. அவற்றுள் 'ஃபெட்' என்பது உருமேனியரான லிவியு லலெஸ்கு 2002இல் தொடங்கி வளர்த்த இலவச மென்பொருளாகும். வகுப்பு விவரங்களை அதில் ஒவ்வொன்றாகத் தட்டெழுதலாம். ஆனால் அவை ஏற்கெனவே எக்ஸெல் போன்ற விரிதாளில் இருப்பின், அப்படியே இறக்கிக்கொள்ளுதல் எளிது.

விரிதாளில் ஒரு பாடத்திற்கு ஒரு வரி என்பதே அடிப்படை. வகுப்பு, பாடம், ஆசிரியர், மொத்தப் பாடவேளை என நிரல்களை வகுத்துக்கொள்ள வேண்டும். பின்னர் அதனைச் 'சிஎஸ்வி' என்னும் எளிய உரைக் கோப்பாகச் சேமித்தல் வேண்டும். இக்கோப்பில் ஒரு கட்டத்தையும் அடுத்த கட்டத்தையும் காற்புள்ளி பிரித்துக் காட்டும். பாடங்கள், ஆசிரியர்கள், வகுப்புகள், அறைகள் ஆகிய பட்டியல்களை முதலில் இறக்கி, அவற்றை இணைக்கும் பாட வரிகளை இறுதியில் இறக்குதல் சிறந்த ஒழுங்கு.

இங்கே இத்தாலியில் எழும் ஓர் இடர் உண்டு. இந்நாட்டில் ஒன்றரை என்பதனை 1,5 என்று எழுதுகின்றனர். காற்புள்ளி எண்ணுக்குள் வருவதனால், இத்தாலிய அமைப்புள்ள கணினியில் எக்ஸெல் கட்டங்களை அரைப்புள்ளியாற் பிரிக்கின்றது. மென்பொருள் காற்புள்ளியை எதிர்பார்த்திருந்தால், முழு வரியும் ஒரே கட்டமாக விழுந்துவிடும். இறக்கும்போது பிரிப்புக்குறி யாதெனக் கேட்குமிடத்தில் அரைப்புள்ளியைத் தெரிவு செய்தால் இவ்விடர் நீங்கும்.

அடுத்த இடர் எம் தமிழ் எழுத்தைப் பற்றியது. புலம்பெயர்ந்த எம்மவர் நெடுங்காலம் பாமினி எழுத்துருவிலேயே தட்டெழுதி வந்தனர். அதில் 'தமிழ்' என்னும் சொல் கணினிக்கு ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு உரோம எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே ஆகும். அந்த அரைப்புள்ளியே கண்ணுக்கு மெய்யெழுத்தின் புள்ளியாகத் தோன்றுகின்றது. காற்புள்ளியோ 'இ' என்னும் எழுத்தாகும். ஆகவே பாமினியில் எழுதிய பெயர்கள் இவ்விரு பிரிப்புக்குறிகளோடும் முரண்படக்கூடும். எக்ஸெல் அத்தகைய கட்டங்களை மேற்கோட்குறிக்குள் அடைத்துத் தருவதுண்டு. அக்குறியை மென்பொருள் மதிக்காவிடின், பெயர் புள்ளிதோறும் முறிந்து துண்டு துண்டாகும். மதித்தாலும், திரையிற் காண்பது பொருளற்ற உரோம எழுத்துகளே. 1991இல் வெளிவந்த யூனிகோடின் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. எனவே பழைய பட்டியல்களை யூனிகோடுக்கு மாற்றி, 'யூடிஎஃப்-8' வகைச் சிஎஸ்வியாகச் சேமித்தலே முறையாகும்.

எல்லாவற்றினும் பெரிய இடர் பெயரின் வடிவமே. ஓர் ஆசிரியரை ஒரு வரியிற் 'சிவகுமார்' என்றும் பிறிதொரு வரியிற் 'சிவக்குமார்' என்றும் எழுதினால், நமக்கு அவர் ஒருவரே, கணினிக்கோ இருவர். இருவருக்கும் ஒரே வேளையில் வெவ்வேறு வகுப்பு கொடுப்பதில் அது குறை காணாது. மோதல் இல்லையென்றே சொல்லும். 'ஆண்டு 3' என்பதும் '3ஆம் ஆண்டு' என்பதும் அவ்வாறே இரு வகுப்புகளாகும். பெயரின் ஈற்றில் கண்ணுக்குத் தெரியாது நிற்கும் ஒரு வெற்றிடமும் இப்பிழையை விளைவிக்கக்கூடும். ஆதலால் ஒவ்வொரு பெயருக்கும் ஒரே வடிவத்தை முன்னரே முடிவு செய்து, அதனையே எங்கும் ஒட்டுதல் வேண்டும்.

'ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு' என்றனர் எம் முன்னோர். இறக்கி முடிந்ததும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பள்ளியில் 12 ஆசிரியர் இருக்க, மென்பொருள் 13 பேரைக் காட்டினால், எவரோ ஒருவர் இரண்டாகியுள்ளார் என்பது தெளிவு. ஒவ்வோர் ஆசிரியருக்கும் உரிய பாடவேளைகளின் கூட்டுத்தொகையையும் விரிதாளோடு ஒப்பிடுதல் நன்று.

பெற்றோர் மனத்தில் எழக்கூடிய ஐயம் ஒன்றிற்கும் விடை கூறுதல் எம் கடன். நேரசூசி அமைக்கப் பிள்ளைகளின் பெயரோ பிறந்த நாளோ வீட்டு முகவரியோ தேவையில்லை. வகுப்பின் பெயரும் மாணவர் தொகையுமே போதும். 2018ஆம் ஆண்டு மே மாதம் முதல் நடைமுறையிலுள்ள ஐரோப்பியத் தரவுக் காப்புச் சட்டமும், தேவைக்கு மிஞ்சிய விவரங்களைக் கையாளலாகாது என்றே பணிக்கின்றது.

மாணவச் செல்வங்களே! கணினி விரைவுடையது, ஆனால் நாம் எழுதியதை மட்டுமே அது அறியும். உங்களுள் கணினி பயில்வோர் பழைய பாமினிப் பட்டியல்களை யூனிகோடுக்கு மாற்றித் தரலாம். பெற்றோர் அப்பெயர்களைப் படித்துப் பிழை காட்டலாம். இருவரும் ஒரு மாலைப்பொழுது இவ்வாறு உடனமர்ந்தால், ஆண்டு முழுவதும் ஒரு வகுப்பும் ஆசிரியரின்றி வாடாது.