வீடும் வெளிச்சமும் – 11: எலுமிச்சை மஞ்சள் வேண்டாமே!

போன வாரம் தரையைப் பற்றி எழுதினேன். வந்த கடிதங்கள் பலவும் தரையை விட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டன. ‘ஹாலுக்கு என்ன கலர் அடிக்கலாம்?’ வீட்டைப் பார்க்காமல் இதற்குப் பதில் சொல்பவர் யாராக இருந்தாலும் நம்பாதீர்கள். எதை அடிக்க வேண்டாம் என்பதை மட்டும் பார்க்காமலேயே ஓரளவு சொல்லிவிடலாம்.

சுவர் தன்மேல் விழும் வெளிச்சத்தில் தன் சாயத்தை ஏற்றித் திருப்பி அனுப்புகிறது. அந்த வெளிச்சத்தில்தான் நாம் சாப்பிடுகிறோம், பிள்ளைகள் படிக்கிறார்கள், மாப்பிள்ளை வீட்டார் வந்து பெண் பார்க்கிறார்கள். இதை மறந்து எடுத்த நிறங்கள்தான் பின்னால் காலை வாருகின்றன.

என் பட்டியலில் முதலில் நிற்பது எலுமிச்சை மஞ்சள். கடையில் ஷேட் கார்டை விரித்தால் தபால்தலை அளவுக்கு ஒரு கட்டம். சுற்றிலும் வெள்ளைக் காகிதம். அங்கே அது சாதுவாகத்தான் தெரியும். அதையே பத்துக்குப் பன்னிரண்டு அறையின் நான்கு சுவரிலும் ஏற்றிப் பாருங்கள். ஒரு சுவரில் பட்ட வெளிச்சம் எதிர்ச்சுவருக்குப் போகிறது, அங்கிருந்து திரும்ப வருகிறது. ஒவ்வொரு முறையும் அதிலிருக்கும் நீலத்தில் கொஞ்சம் கழிந்துபோக, மஞ்சள் கூடிக்கொண்டே போகும். எல்லா நிறத்துக்கும் இது நடக்கும்தான். ஆனால் மஞ்சள் மிக அதிகமாக வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் நிறம் என்பதால் அதன் ஆட்டமும் அதிகம். சந்தேகம் இருந்தால் இரண்டு சுவர் கூடும் மூலையைப் பாருங்கள்; அதே டப்பா பெயிண்ட்தான், மூலையில் மட்டும் இரண்டு ஷேடு தூக்கலாகத் தெரியும். அந்த அறையில் உட்கார்ந்திருப்பவர் முகத்தில் காமாலை ஏறிவிடும். மஞ்சள் வேண்டும் என்று மனசு கேட்டால், கார்டில் பிடித்துப்போனதிலிருந்து இரண்டு படி வெளிறியதாக, கொஞ்சம் சாம்பல் கலந்ததாக எடுங்கள். கடையில் அது செத்த நிறமாகத் தெரியும். சுவரில் ஏறினால் சந்தனமாகி நிற்கும்.

கிளிப்பச்சையும் இதே ஜாதிதான். அதை வீட்டுக்கு வெளியே அடித்தால் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நம் ஊர் வெயில் எப்பேர்ப்பட்ட நிறத்தையும் சமாளிக்கும். குளியலறையிலும் கண்ணாடிக்கு எதிரேயும்தான் வேண்டாம் என்கிறேன். தோலின் நிறத்துக்கு உயிர் கொடுப்பது சிவப்பு. பச்சைச் சுவரிலிருந்து வரும் வெளிச்சத்தில் அது குறைவு. காலையில் பல் தேய்க்கும்போதே ‘உடம்பு சரியில்லையோ’ என்று தோன்றும்.

ஆஸ்பத்திரியில் மட்டும் பச்சை எதற்கு என்பீர்கள். 1914-ல் சான் பிரான்சிஸ்கோவில் ஹாரி ஷெர்மன் என்ற அறுவை மருத்துவர் தன் ஆபரேஷன் தியேட்டரை வெள்ளையிலிருந்து கீரைப்பச்சைக்கு மாற்றினார். ரத்தச் சிவப்பையே உற்றுப் பார்த்த கண் நிமிர்ந்து வெள்ளைச் சுவரைப் பார்த்தால் கூசும். பச்சை நிழல்களும் மிதக்கும். சுவரே பச்சையானால் அந்தத் தொல்லை இல்லை. அவருக்கு அது தேவைப்பட்டது. நம் வீட்டில் அப்படி எதையும் அறுத்துக்கொண்டிருக்கவில்லையே!

‘அப்படியானால் பேசாமல் வெள்ளை அடித்துவிடுகிறேன்’ என்பார்கள். நான் அதற்கும் தலையாட்ட மாட்டேன் என்பதுதான் பலருக்கு ஆச்சரியம். சுத்தமான, பளீர் வெள்ளையைக் கூரைக்கு அடியுங்கள். சுவருக்குக் கொஞ்சம் அழுக்கான வெள்ளை போதும். பொங்கலுக்கு முன்னால் சுண்ணாம்பில் நீலம் கலந்து அடித்தோமே, அந்த வெள்ளை வேறு. நீலம் கலந்தது சுண்ணாம்பின் மஞ்சள் வாடையை மறைக்கத்தான். ஆனால் மட்டை ஓடிய தடமும் சுவரின் சொரசொரப்பும் வெளிச்சத்தை உடைத்துச் சிதறடித்தன, கண் கூசவில்லை. இன்றைக்குப் பட்டி பார்த்து, தேய்த்து, வழவழப்பாக்கிய சுவரில் மினுமினுப்பான வெள்ளை எமல்ஷன் ஏறினால், பகலில் ஜன்னல் பக்கம் பார்க்க முடியாது. ராத்திரி 6500 கெல்வின் டியூப் லைட்டின் கீழ் அது நீலம் பாரிக்கும் (கெல்வின் எண் ஏற ஏற விளக்கின் வெளிச்சத்தில் நீலம் கூடும், இறங்க இறங்க மஞ்சள் கூடும்). வெள்ளைக்காகக் கொடி பிடித்த கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியேயையே எடுத்துக்கொள்ளுங்கள். 1925-ல் எல்லோரும் வீட்டுக்கு வெள்ளையடித்தே ஆக வேண்டும் என்று சட்டம் போடாத குறையாக எழுதினார். 1931-ல் அதே மனிதர் ஒரு சுவர்க்காகித நிறுவனத்துக்காக 43 நிறங்களைத் தொகுத்துக் கொடுத்தார். ஆறே வருஷம்!

அடுத்தது இப்போதைய மோகம், சாம்பல் நிறம். போனில் ஏதோ குளிர்தேசத்து ஃபிளாட்டின் படத்தைக் காட்டி ‘இதே மாதிரி’ என்கிறார்கள். அந்தப் படத்தில் ஆளுயர ஜன்னல், மரத்தரை, மூலைக்கு மூலை மஞ்சள் விளக்கு. நம் ஃபிளாட்டில் ஜன்னலைத் திறந்தால் கைக்கெட்டும் தூரத்தில் பக்கத்து வீட்டுச் சுவர். நடுக்கூடத்தில் ஒரே ஒரு டியூப் லைட். நீலம் ஓடிய சாம்பல் அங்கே ஏறினால், காசில்லாமல் பூச்சு வேலையோடு நிறுத்திவிட்ட வீடு மாதிரி இருக்கும். சாம்பல் மேல் ஆசை விடாதவர்கள் பழுப்பு ஓடிய சாம்பலை எடுக்கட்டும். விளக்கையும் 3000, 4000 கெல்வினுக்கு மாற்றட்டும். விளக்கை மாற்ற மாட்டேன் என்றால் நிறத்தைப் பேசியே பிரயோஜனம் இல்லை. இளம் லாவெண்டருக்கும் இதே கதி.

டிவி சுவரின் மெரூன், ரத்தச் சிவப்புக்கு வருவோம். இதில் அழகைவிடப் பெயிண்டரின் முதுகும் உங்கள் பர்ஸும்தான் அதிகம் படும். வெளிர் நிறப் பெயிண்டில் சுவரை மூடுவது டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளைப்பொடி. அடர் சிவப்பில் அதைத் தாராளமாகப் போட முடியாது. போட்டால் ரோஸ் ஆகிவிடும். முன்பெல்லாம் பளிச்சென்ற மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் சிவப்புக்கும் ஈயக் குரோமேட் வகைகளைப் போடுவார்கள், நன்றாக மூடும். ஆனால் ஈயம் குழந்தைகளின் மூளைக்கு நஞ்சு. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு மேல் கூடாது என்று நம் நாட்டில் 2016-ல் விதி வந்து, 2017 நவம்பரில் அமலானது. நல்ல காரியம். அதற்குப் பதிலாக வந்த சிவப்புச் சாயங்கள் பலவற்றுக்கு மூடும் சக்தி குறைவு. அதனால்தான் மூன்றாவது கோட்டிலும் பெயிண்டர் ரோலரைக் கீழே வைத்துவிட்டு, “மூட மாட்டேங்குது சார், இன்னொரு நாலு லிட்டர் சொல்லுங்க” என்கிறார். அவர் ஏமாற்றவில்லை. முதலிலேயே வெள்ளை பிரைமருக்குப் பதில் சாம்பல் நிற அடிக்கோட் கொடுத்திருந்தால் ஒரு கோட் மிச்சமாகியிருக்கும்.

அதோடு விடுமா? அடர் மேட் சுவரில் பிள்ளை கை வைத்த இடத்தை ஈரத்துணியால் துடைத்தால், துடைத்த வட்டம் மட்டும் பளபளக்கும். அந்த வட்டம் அழுக்கைவிட அசிங்கம். வெளிச்சக் கணக்கும் உதைக்கும். சுவர் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பித் தருகிறது என்பதற்கு எல்.ஆர்.வி. என்று ஓர் எண் உண்டு. பல கம்பெனிகள் ஷேடோடு அதையும் தருகின்றன. நூற்றுக்கு, வெள்ளை 85 வாக்கில் நிற்கும். மெரூன் பத்தைத் தாண்டாது. நான்கு சுவரிலும் மெரூன் அடித்தவர் வீட்டில் எத்தனை விளக்கு போட்டாலும் அழுது வடியும். அடர் நிறமே ஆகாது என்பதல்ல. டிவிக்குப் பின்னால் மங்கலான கரும்பச்சை, கருநீலம் வைத்தால் கண்ணுக்கு நன்றாகவே இருக்கும். ஒரு சுவரோடு நிறுத்துங்கள், அவ்வளவுதான்.

பெண் குழந்தை அறைக்கு பபிள்கம் ரோஸ் கேட்பவர்கள், ‘ரோஸ் மனதை அமைதிப்படுத்துமாமே’ என்று சேர்த்துக்கொள்வார்கள். இந்தப் பேச்சுக்கு ஒரு கதை உண்டு. 1979-ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரக் கடற்படைச் சிறை ஒன்றில், அலெக்சாண்டர் ஷாஸ் என்பவரின் யோசனைப்படி ஓர் அறையை ரோஸ் ஆக்கினார்கள். கைதிகளின் முரட்டுத்தனம் குறைந்தது என்று சேதி பரவ, பல சிறைகள் ரோஸ் பூசிக்கொண்டன. பிறகு கவனமாகச் செய்த சோதனைகளில் அந்தப் பலன் தெரியவில்லை. சிவப்பு பசியைத் தூண்டும், நீலம் படிப்பை ஏற்றும் என்ற அட்டவணைகளையும் இந்த வரிசையில் வைத்துவிடுங்கள். குழந்தைக்கு ரோஸ் பிடித்திருந்தால் திரைச்சீலையில், மெத்தை விரிப்பில் கொடுக்கலாம். பத்து வயதில் அவளே “ஐயே, இது சின்னப் புள்ளைங்க ரூம்” என்பாள். திரைச்சீலையை மாற்றுவது சுலபம்.

கடைசியாக ஒன்று. இதில் நிறத்தைவிட நேரம்தான் குற்றவாளி. புதுப் பூச்சு ஈரமாக இருக்கும்வரை சிமென்டின் காரம் வெளியே வந்துகொண்டே இருக்கும். சில சாயங்கள் காரத்தைத் தாங்காது. பிரஷ்யன் ப்ளூவைச் சுண்ணாம்புச் சுவரில் அடித்தால் நிறம் செத்துப் பழுப்பாகிவிடும். சுண்ணாம்பில் நாம் கலந்த நீலம் அல்ட்ராமரைன், காரத்துக்கு அசையாது. அந்தக் காலத்துக் கொத்தனாருக்கு வேதியியல் தெரியாது, எது நிற்கும் என்பது தெரிந்திருந்தது. இன்றைய பெயிண்டிலும் காரமும் ஈரமும் சேர்ந்தால் அடர் நிறங்கள் திட்டுத்திட்டாக வெளுக்கும், உப்புப் பூக்கும். குறைந்தது 28 நாள் பூச்சைக் காய விடச் சொல்கிறோம். மழைக்காலமாக இருந்தால் இன்னும் கூட. முடிந்தால் பிரைமரும் ஒரு கோட் வெளிர் நிறமுமாகக் குடிபோய்விட்டு, ஒரு மழை பார்த்த பிறகு ஆசைப்பட்ட நிறத்தை ஏற்றுங்கள் என்பேன். ஓதம் ஏறும் இடம் எது, எந்தச் சுவரில் சாயங்கால வெயில் அடிக்கிறது என்பதெல்லாம் அதற்குள் தெரிந்துவிடும்.

எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு வீட்டுக்காரர் சொல்வார்: “கரெக்ட்தான் சார். ஆனா கிரகப்பிரவேசப் பத்திரிகை அடிச்சாச்சே!”