நிலம் ஒருவர் பெயரில், ஏர் ஒருவர் கையில்



காவிரிக் கழிமுகத்தில் நிலத்தை மாக்கணக்கில் அளப்பது பழைய வழக்கம். மூன்று மா நிலம் ஏறக்குறைய ஓர் ஏக்கர். இருபது மா ஒரு வேலி. வேலிக்கணக்கில் நிலம் உடையோர் சிலர். மாக்கணக்கில் பயிரிடுவோர் பலர். வேளாண்மைக்கென அரசாங்கம் வகுக்கும் உதவித் திட்டங்கள் இச்சிறு உழவரின் வரப்புவரை சென்று சேர்கின்றனவா? இதனை இன்று சிறிது ஆராய்வோம்.

1960-61ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம், போர்டு அறநிறுவனத்தின் துணையோடு, தீவிர வேளாண்மை மாவட்டத் திட்டத்தைத் தொடங்கிற்று. முதற்கண் எடுத்துக்கொண்ட ஏழு மாவட்டங்களுள் அன்றைய தஞ்சாவூரும் ஒன்று. அதன் கருத்து எளியது. விதை, உரம், பூச்சிமருந்து, கடன், ஆலோசனை ஆகிய யாவும் ஒருங்கே, உரிய காலத்தில் உழவரிடம் வந்து சேரவேண்டும். ஒன்று குறையினும் மற்றவற்றின் பயன் குன்றிவிடும். சில ஆண்டுகளில், ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தின் ஏ.டி.டி. 27 என்னும் குறுகியகால நெல்லும் வந்தது. மேட்டூர் அணை திறந்து நீர் வந்ததும் நட்டு, வடகிழக்குப் பருவமழை வலுக்குமுன் அறுத்துவிட வேண்டிய பயிர் குறுவை. அதற்கு ஏற்றதாயிருந்த அந்நெல், 1960களின் நடுவில் மாவட்டமெங்கும் விரைந்து பரவிற்று.

ஆனால் புதுநெல் உரத்தைக் கேட்டது. உரம் பணத்தைக் கேட்டது. பணம் தரும் கூட்டுறவுச் சங்கமோ பத்திரத்தைக் கேட்டது. சொந்த நிலம் உடையவர் பத்திரத்தைக் காட்டினார். வாய்ப்பேச்சாக வாரத்துக்கோ குத்தகைக்கோ உழுதவர் எதைக் காட்டுவார்? எழுத்தில் தருமாறு நிலக்காரரைக் கேட்டால், அடுத்த ஆண்டு நிலமே கைவிட்டுப் போகும் என்ற அச்சம் வேறு. ஆகவே பலர் வெளியே அதிக வட்டிக்குக் கடன் வாங்கினர். அல்லது உரத்தைக் குறைத்தனர். புதுமையை விரும்பாதவர் என்று அவர்களைச் சொல்வது பொருந்தாது. விளைந்தாலும் பொய்த்தாலும் குத்தகை நெல்லை அளந்தே தீரவேண்டியவர், துணிவதற்குமுன் கணக்குப் பார்ப்பது இயல்பே அன்றோ?

குத்தகைதாரர் பெயரைப் பதிவு செய்வதற்கெனத் தமிழ்நாட்டில் 1969ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் இயற்றப்பட்டது. எனினும் வாய்மொழிக் குத்தகை இன்றும் மறைந்துவிடவில்லை. அதன் விளைவைப் பின்வந்த திட்டங்களிலும் காணலாம். 2019இல் மத்திய அரசு தொடங்கிய பிரதமர் கிசான் நிதித் திட்டம், தகுதியுள்ள நிலவுடைமைக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாயை மூன்று தவணைகளில் அளிப்பது. பிறர் நிலத்தில் மட்டுமே உழுபவருக்கு அதில் இடமில்லை. 2016இல் தொடங்கிய பயிர்க் காப்பீட்டுத் திட்டமோ குத்தகைதாரரையும் ஏற்கிறது. ஆயினும் தாம் பயிரிட்டதைக் காட்டும் சான்று வேண்டும்.

இத்தடையைக் கடக்க வழிகள் இல்லாமல் இல்லை. எந்தப் புல எண்ணில் என்ன பயிர் நிற்கிறது என்பதைக் கிராம நிர்வாக அலுவலர் அடங்கலில் பதிகிறார். அதில் உழுபவர் பெயரும் தவறாது இடம்பெறுமானால், அதுவே அவருக்குச் சான்றாகும். நான்கு முதல் பத்துப் பேர்வரை ஒருவருக்கொருவர் பொறுப்பேற்று, நில ஈடின்றியே வங்கிக் கடன் பெறும் கூட்டுப் பொறுப்புக் குழு மற்றொரு வழி.

மாணவர்களே, ஒரு திட்டத்தில் இத்தனை இலட்சம் பேர் பயன்பெற்றனர் என்று படிக்கும்போது, அவருள் சேற்றில் இறங்கி நாற்று நட்டவர் எத்தனை பேர் என்றும் கேளுங்கள். விடுமுறையில் ஊருக்குச் செல்கையில், உங்கள் வாய்க்கால் கரையில் நின்று, இந்நிலம் யார் பெயரில் இருக்கிறது, இதில் உழுபவர் யார் என்று விசாரித்துப் பாருங்கள். இவ்விரு வினாக்களுக்கும் விடையாக வெவ்வேறு பெயர்கள் வருமாயின், உதவி எந்த இடத்தில் வழிதவறுகிறது என்பது உங்களுக்கே விளங்கும்.