மனத்துக்கு மாத்திரை சரி, உடம்புக்கு?

மனச்சிதைவு, இருமுனை மனநோய் போன்ற கடுமையான மனநோய் உள்ளவர்கள், மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாகவே இறந்துவிடுகிறார்கள் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். இதைக் கேட்டதும் பலருக்குத் தற்கொலைதான் நினைவுக்கு வரும். அதுவும் ஒரு காரணம்தான். ஆனால், அந்த மரணங்களில் பெரும்பாலானவை மாரடைப்பு, பக்கவாதம், நீரிழிவு, நுரையீரல் நோய் போன்ற உடல்நோய்களால் நேர்பவை. அவற்றில் பலவற்றைத் தடுக்க முடியும்.

எங்கள் வானொலியின் உடல்நல நிகழ்ச்சி முடிந்த ஒரு மாலையில், ஓர் அக்கா அழைத்தார். மனச்சிதைவு உள்ள தம்பியைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வருபவர்.

“மாத்திரை ஒரு நாள்கூடத் தவறினதில்லைம்மா. ஆனா, கால் புண்ணு ஆறாமப் போனப்பதான் அவனுக்குச் சர்க்கரை இருக்குன்னே தெரிஞ்சது. ரொம்ப நாளா தாகமா இருக்குன்னு சொல்லிக்கிட்டே இருந்தான். நோயாலதான் அப்படிச் சொல்றான்னு விட்டுட்டோம்.”

பல வீடுகளில் நடப்பது இதுதான். நெஞ்சு வலிக்கிறது என்றால் பதற்றம் என்கிறோம். களைப்பு என்றால் சோம்பல் என்கிறோம். சில நேரங்களில் மருத்துவப் பணியாளர்களும் அப்படியே எடுத்துக்கொள்வதுண்டு. மனநோய் என்ற பெயர், உடல் தரும் அறிகுறிகளை மறைத்துவிடுகிறது.

மருந்துகளுக்கும் இதில் பங்கு உண்டு. ஓலன்சபின், குளோசபின் போன்றவை பசியைத் தூண்டி எடையைக் கூட்டலாம். சர்க்கரை, கொழுப்பு அளவுகளையும் உயர்த்தலாம். நோயினால் வரும் சோர்வு, புகைப்பழக்கம் ஆகியவையும் சேர்ந்துகொள்கின்றன. சிங்கப்பூரில் இந்தியர்களிடையே நீரிழிவு ஏற்கெனவே அதிகம் என்பதால், நாம் இரட்டிப்புக் கவனத்துடன் இருக்க வேண்டும்.

அதற்காக மருந்தை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். நோய் மீண்டும் தலைதூக்கினால் இழப்பு பெரிது. அளவை மாற்றலாமா, வேறு மருந்து உண்டா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

குடும்பத்தார் கவனிக்க வேண்டியவை:

* எடை, இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றை மருந்து தொடங்கும்போதும், சுமார் மூன்று மாதத்திலும், பிறகு ஆண்டுக்கு ஒருமுறையாவதும் பரிசோதிக்க வேண்டும். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டரை எட்டினால் எச்சரிக்கை.

* குளோசபின் எடுப்பவருக்கு வெள்ளை அணுக்கள் குறையக்கூடும் என்பதால் ரத்தப் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது. காய்ச்சல், தொண்டை வலி வந்தால் உடனே மருத்துவரைப் பாருங்கள். கடும் மலச்சிக்கலும் உயிருக்கு ஆபத்தாகலாம்.

* புகைப்பதை விடுவது நல்லது. ஆனால், விட்டதும் ரத்தத்தில் குளோசபின், ஓலன்சபின் அளவு ஏறும். முன்கூட்டியே மருத்துவரிடம் சொன்னால் அளவைச் சரிசெய்வார்.

* பல்லையும் மறக்காதீர்கள். சில மருந்துகள் வாயை உலரவைப்பதால் பல் எளிதில் சொத்தையாகும்.

செலவை நினைத்துத் தயங்க வேண்டியதில்லை. நீரிழிவு, உயர் ரத்த அழுத்தம் இடம்பெற்றுள்ள நாட்பட்ட நோய் நிர்வாகத் திட்டத்திலேயே மனச்சிதைவும் இருமுனை மனநோயும் உள்ளன. எனவே மெடிசேவ் பணத்தைப் பயன்படுத்தலாம். தகுதி உள்ளவர்களுக்குச் சாஸ் மானியமும் உண்டு. 40 வயதைக் கடந்தவர்கள் ‘ஹெல்த்தியர் எஸ்ஜி’யில் சேர்ந்து, ஒரே குடும்ப மருத்துவரிடம் தொடர்ந்து போகலாம்.

மனநல மருத்துவர் ஓரிடம், சர்க்கரைக்குப் பலதுறை மருந்தகம் வேறிடம் என்றால், எல்லா மருந்துகளையும் ஒரே தாளில் எழுதி இரு இடத்திலும் காட்டுங்கள். அடுத்த சந்திப்பின்போது, “தூக்கம் எப்படி, குரல் கேட்கிறதா?” என்ற கேள்விகள் முடிந்ததும் நீங்கள் ஒன்று கேளுங்கள்: “டாக்டர், இவருக்குக் கடைசியாக எப்போது ரத்தப் பரிசோதனை செய்தோம்?”