உங்கள் ஊர் கேபிள்காரர் தரும் நெட்: விதிகள் மாறுகின்றன, உங்களுக்கு என்ன?

தெருவில் டிவி கேபிள் இழுத்தவரே இன்று பல ஊர்களில் வீட்டுக்கு நெட்டும் தருகிறார். மாதாமாதம் பணம் வாங்க வருபவரும் அவர்தான், லைன் போனால் ஏணியோடு வருபவரும் அவர்தான். பிஎஸ்என்எல் ஃபைபர் இணைப்பைக்கூடப் பல இடங்களில் உள்ளூர்க் கூட்டாளிகளே இழுத்துத் தருகிறார்கள். இந்தத் தொழிலுக்கான சட்டதிட்டங்கள் 2023 முதல் ஒன்றன்பின் ஒன்றாக மாறிவருகின்றன. அவற்றால் அவருக்கு என்ன ஆகும், உங்களுக்கு என்ன ஆகும் என்று இங்கே பார்க்கலாம்.

முதலில், நெட் விற்க யாருக்கு அனுமதி உண்டு?

இந்தியாவில் இணையச் சேவை விற்க மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறையிடம் லைசென்ஸ் வாங்க வேண்டும். இதில் மூன்று வகை உண்டு. 'ஏ' வகை நாடு முழுவதற்கும், 'பி' வகை ஒரு தொலைத்தொடர்பு வட்டத்துக்கும் (ஏறக்குறைய ஒரு மாநிலம்), 'சி' வகை ஏறக்குறைய ஒரு மாவட்ட அளவிலான பகுதிக்கும் செல்லும். ஒருங்கிணைந்த லைசென்ஸ் முறையில் நுழைவுக் கட்டணம் 'ஏ' வகைக்கு 30 லட்சம், 'பி' வகைக்கு 2 லட்சம், 'சி' வகைக்கு 20,000 ரூபாய். கிராமப்புறச் சிறு நிறுவனங்களுக்கு ஏற்றவை 'பி', 'சி' வகைகள்.

எங்கள் கேபிள்காரரிடம் அப்படி எதுவும் இல்லையே?

இல்லாமல் இருக்கலாம், அதனால் அவர் செய்வது தவறாகிவிடாது. லைசென்ஸ் உள்ள ஒரு நிறுவனத்தின் உள்ளூர்க் கூட்டாளியாக அவர் வேலை செய்யலாம். நிறுவனம் நெட்டைக் கொண்டுவந்து கொடுக்கும், அவர் உங்கள் வீடுவரை ஒயர் இழுப்பார், வசூலில் அவருக்குப் பங்கு உண்டு. ஆனால் உங்கள் கணக்கும் பில்லும் லைசென்ஸ் உள்ள அந்த நிறுவனத்தின் பெயரில் இருக்க வேண்டும். ஒரே ஒரு இணைப்பை வாங்கி, அதைப் பத்து வீட்டுக்குப் பிரித்து விற்பது இதில் சேராது. அதற்கு அனுமதி கிடையாது.

எந்தச் சட்டம் மாறியது?

தந்திக் காலத்தில், 1885-ல் வந்த இந்தியத் தந்திச் சட்டம்தான் நேற்றுவரை இந்தத் தொழிலுக்கு அடிப்படை. அதற்கும் 1933-ம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டத்துக்கும் பதிலாக, தொலைத்தொடர்புச் சட்டம் 2023 வந்திருக்கிறது. 2023 டிசம்பரில் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். மொத்தமாக ஒரே நாளில் இது அமலுக்கு வரவில்லை. முதல் தொகுதிப் பிரிவுகள் 2024 ஜூன் 26 முதல் நடைமுறைக்கு வந்தன. மற்றவை அவற்றுக்கான விதிகளோடு படிப்படியாக வருகின்றன. லைசென்ஸ் என்ற முறைக்குப் பதிலாக 'அங்கீகாரம்' என்ற முறையைச் சட்டம் கொண்டுவருகிறது. அதற்கான வரைவு விதிகளை அரசு 2025 செப்டம்பரில் வெளியிட்டது.

அப்படியானால் பழைய லைசென்ஸ் செல்லாதா? என் இணைப்பு நின்றுவிடுமா?

நிற்காது. பழைய லைசென்ஸில் எத்தனை ஆண்டு என்று போட்டிருக்கிறதோ அதுவரை அது செல்லும் என்று சட்டமே சொல்கிறது. காலம் எதுவும் குறிக்காதவற்றுக்கு ஐந்து ஆண்டு அவகாசம் உண்டு. விரும்பும் நிறுவனங்கள் முன்கூட்டியே புதிய முறைக்கு மாறிக்கொள்ளலாம். 'புதுச் சட்டம் வந்துவிட்டது, கூடுதலாகப் பணம் கட்டுங்கள், இல்லையென்றால் லைன் கட்' என்று யாராவது சொன்னால், அந்தப் பேச்சுக்குச் சட்டத்தில் இடமில்லை.

கேபிள் ஆபரேட்டருக்கு என்று தனியாக ஏதாவது மாறியதா?

இரண்டு மாற்றங்கள். 2023 செப்டம்பரில் கேபிள் டிவி விதிகளைத் திருத்தியபோது, கேபிள்காரர் தம்முடைய ஒயரையும் கருவிகளையும் பிராட்பேண்ட் நிறுவனங்களோடு பகிர்ந்துகொள்ள வழி செய்யப்பட்டது. தெருவுக்குத் தெரு ஏற்கெனவே கிடக்கும் கேபிளை நெட்டுக்கும் பயன்படுத்தினால், ஒதுக்குப்புற ஊர்களுக்கும் குறைந்த செலவில் இணைப்பு போகும் என்பதே நோக்கம்.

அடுத்தது பதிவு. முன்பெல்லாம் கேபிள் ஆபரேட்டர் தலைமை அஞ்சல் நிலையத்துக்குப் போய்ப் பதிவு செய்துகொள்வார். 2025 ஜனவரி 17 முதல் அந்தப் பதிவைத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகமே இணையவழியில் நேரடியாகத் தருகிறது. கட்டணம் 5,000 ரூபாய், செல்லுபடிக் காலம் ஐந்து ஆண்டு.

இங்கே ஒரு குழப்பம் வரும், கவனியுங்கள். இந்தப் பதிவு டிவி கேபிளுக்கு மட்டும். கடைச் சுவரில் கேபிள் பதிவுச் சான்றிதழ் மாட்டியிருப்பதை வைத்து நெட் விற்கவும் அனுமதி இருக்கிறது என்று முடிவு செய்துவிட வேண்டாம்.

அனுமதி இல்லாதவரிடம் நெட் வாங்கினால் எனக்கு என்ன?

புதிய சட்டம் இதில் கடுமையாக இருக்கிறது. அனுமதியின்றிச் சேவை விற்பவருக்கு மூன்று ஆண்டுவரை சிறை, 2 கோடி ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். வாங்குபவருக்கும் சட்டத்தில் ஒரு வரி இருக்கிறது. அனுமதி இல்லாத சேவை என்று தெரிந்தே பயன்படுத்துபவருக்கு 10 லட்சம் ரூபாய்வரை அபராதம் விதிக்க அது இடம் தருகிறது. விவரம் தெரியாமல் மாட்டிக்கொள்பவரைக் குறிவைத்து எழுதியது இல்லை இது. ஆனாலும் எதையும் விசாரிக்காமல் இருப்பது நல்லதல்ல.

சரி, நான் எப்படிச் சரிபார்ப்பது?

பில்லை எடுத்துப் பாருங்கள். சேவை தரும் நிறுவனத்தின் முழுப் பெயர், ஜிஎஸ்டி எண், உங்கள் பெயர், உங்கள் கணக்கு எண் ஆகிய நான்கும் அதில் இருக்க வேண்டும். நிறுவனத்தின் பெயரைத் தொலைத்தொடர்புத் துறையின் இணையதளத்தில் உள்ள லைசென்ஸ்தாரர் பட்டியலோடு ஒப்பிடலாம். பில்லே தராமல், சின்ன அட்டையில் மாதத்துக்கு ஒரு கையெழுத்து மட்டும் போட்டுத் தருகிறாரா? 'எந்தக் கம்பெனி நெட் அண்ணே? அவங்க பில் வேணும்' என்று கேட்டு வாங்குங்கள். ஒழுங்காகத் தொழில் செய்பவர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்.

ஆதார், போட்டோ எல்லாம் ஏன் கேட்கிறார்கள்?

உங்களை அடையாளம் கண்டு பதிவு செய்வது நிறுவனத்தின் கடமை. எந்த இணைப்பு எந்த நேரத்தில் எந்த இணைய முகவரியைப் பயன்படுத்தியது என்ற குறிப்பேட்டை அவர்கள் இரண்டு ஆண்டு வைத்திருக்க வேண்டும். 2021 டிசம்பரில்தான் இது ஓராண்டிலிருந்து இரண்டாக உயர்ந்தது.

இதன் நடைமுறைப் பொருள் முக்கியமானது. உங்கள் இணைப்பிலிருந்து யார் மோசடி செய்தாலும் விசாரணை முதலில் உங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டும். வைஃபை பாஸ்வேர்டைத் தெருவுக்கே சொல்லிவைக்காதீர்கள். இணைப்பு கொடுத்தவர் போட்டுக்கொடுத்த பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள்.

நான் கட்டும் பணம் எங்கே போகிறது?

மாதம் 500 ரூபாய் திட்டம் என்று வைத்துக்கொள்வோம். அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 90 ரூபாய், ஆக நீங்கள் கட்டுவது 590. அந்த 500-லிருந்து நிறுவனம் அரசுக்கு வருவாய்ப் பங்கு செலுத்த வேண்டும். லைசென்ஸ் கட்டணம் வருவாயில் 8 சதவீதம் (அரசு வகுத்த முறையில் சில இனங்களைக் கழித்தபின் வரும் வருவாய்). கழிவுகளை விட்டுவிட்டுத் தோராயமாகப் பார்த்தால் 40 ரூபாய். அதில் 15 ரூபாய் நேராக அரசுக்கு, 25 ரூபாய் 'டிஜிட்டல் பாரத் நிதி'க்கு. மீதியில்தான் மொத்தமாக நெட் வாங்கும் செலவு, ஆள் சம்பளம், ஒயர், மின்சாரம், கேபிள்காரரின் பங்கு எல்லாம்.

டிஜிட்டல் பாரத் நிதி என்பது என்ன?

லாபம் குறைந்த ஊர்களுக்கும் தொலைபேசி போய்ச் சேர வேண்டும் என்று 2002-ல் தொடங்கிய நிதியின் புதிய பெயர் அது. புதிய சட்டம் அதன் பயன்பாட்டையும் விரிவாக்கியிருக்கிறது. ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழை (ஒளியின் வழியே தகவல் அனுப்பும் மெல்லிய இழை, நாம் சொல்லும் ஃபைபர்) கொண்டுசெல்லும் பாரத்நெட் திட்டம் இந்த நிதியில்தான் நடக்கிறது. 2023 ஆகஸ்டில் அதன் விரிவாக்கத்துக்கு 1,39,579 கோடி ரூபாய் ஒதுக்க மத்திய அமைச்சரவை ஒப்புக்கொண்டது. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளை இணைக்கும் வேலை டான்ஃபிநெட் என்ற அரசு நிறுவனத்திடம் உள்ளது.

ஊராட்சி அலுவலகம்வரை ஃபைபர் வந்தால் போதாது. அங்கிருந்து உங்கள் வீடுவரை யார் இழுப்பது? அந்தக் கடைசித் தூரத்தில்தான் உள்ளூர்த் தொழில்முனைவோருக்கு இடம் இருக்கிறது. உங்கள் ஊராட்சிக்கு ஃபைபர் வந்துவிட்டதா, வந்தது வேலை செய்கிறதா என்று கிராம சபையில் கேளுங்கள். அதில் உங்கள் பணமும் இருக்கிறது.

சிறு நிறுவனங்கள் ஏன் சிரமப்படுகின்றன?

விதி பெரிய நிறுவனத்துக்கும் சிறிய நிறுவனத்துக்கும் ஒன்றாக இருக்கிறது, கையில் இருக்கும் ஆள்பலம்தான் ஒன்றாக இல்லை. 2021 ஜூன் 15 முதல், நம்பகமான மூலம் என்று அரசு ஏற்ற கருவிகளை மட்டுமே புதிதாக இணைக்கலாம். 2024 நவம்பரில் வந்த இணையப் பாதுகாப்பு விதிகளின்படி, ஊடுருவல் போன்ற சம்பவம் தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் அரசுக்குச் சொல்ல வேண்டும், 24 மணி நேரத்துக்குள் விவரம் தர வேண்டும், இதற்கென்று ஒரு பாதுகாப்பு அதிகாரியையும் நியமிக்க வேண்டும். நாடு முழுக்க இயங்கும் நிறுவனத்துக்கு அது ஒரு தனிப் பிரிவு. ஒரு மாவட்டத்தில் சில ஆயிரம் வாடிக்கையாளர்களை வைத்திருப்பவருக்கு, ஒயர் ஒட்டும் ஆளும் கணக்கு எழுதும் ஆளும் இந்தப் பொறுப்பையும் சேர்த்துச் சுமக்க வேண்டியிருக்கிறது.

பாதுகாப்பு வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அளவுக்கேற்ற சுமை என்பது நியாயமான கோரிக்கை. சுமை தாங்காமல் சிறியவர்கள் தொழிலை விட்டால், பெரிய நிறுவனம் லாபமில்லை என்று ஒதுக்கும் ஊர்தான் முதலில் இணைப்பை இழக்கும். கடன், கட்டணம், அறிக்கை ஆகியவற்றில் சிறு நிறுவனங்களுக்குத் தனி வரம்பு வேண்டும் என்பதே என் கருத்து.

உங்களுக்கு ஒரு யோசனை. சிறு நிறுவனங்கள் கைமாறுவதும் இணைவதும் நடக்கக்கூடியதே. தள்ளுபடிக்காக ஓராண்டுப் பணத்தை மொத்தமாகக் கட்டுவதற்கு முன், ரசீது நிறுவனத்தின் பெயரில் வருகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

லைன் அடிக்கடி போகிறதே, அதற்கு விதி இல்லையா?

சுவரில் மாட்டிய வெள்ளைப் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தால், பெரும்பாலும் வழியில் எங்கோ ஃபைபர் அறுந்திருக்கிறது என்று பொருள். சாலை அகலப்படுத்தவும் குடிநீர்க் குழாய் பதிக்கவும் ஜேசிபி தோண்டுமிடத்தில் இது வழக்கம். 2023 ஜனவரியில் வந்த விதிப்படி, தோண்டுபவர் முன்கூட்டியே தகவல் தர வேண்டும், சேதப்படுத்தினால் ஈடுகட்ட வேண்டும். அதற்காகவே 'கால் பிஃபோர் யு டிக்' என்ற செயலியும் உண்டு. உங்கள் தெருவில் ஒப்பந்ததாரர் வேலை தொடங்கும்போது இதை நினைவூட்டினால் ஊருக்கே நல்லது.

ஒயர் போடும் பாதை உரிமைக்கும் (பொது இடத்தில் கேபிள் பதிக்கவும் கம்பம் நடவும் பெறும் அனுமதி) புதிய விதிகள் 2025 ஜனவரி 1 முதல் அமலில் உள்ளன. குறித்த நாட்களுக்குள் உள்ளாட்சி முடிவு சொல்லாவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே கொள்ளப்படும். இந்த உரிமை லைசென்ஸ் உள்ள நிறுவனத்துக்கே. மின்கம்பத்தில் ஒயர் கட்ட மின்வாரியத்தின் அனுமதி தனியாக வேண்டும்.

வேகம் குறைவாக இருந்தால், பணம் திரும்ப வராவிட்டால் யாரிடம் போவது?

2023 ஜனவரி முதல், நொடிக்கு 2 மெகாபிட் பதிவிறக்க வேகமாவது இருந்தால்தான் அதை பிராட்பேண்ட் என்று சொல்லலாம். முன்பு இது 512 கிலோபிட். புகாரை முதலில் நிறுவனத்தின் புகார் மையத்தில் பதிந்து, புகார் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கேபிள்காரரிடம் வாயால் சொன்னதற்கு எந்தப் பதிவும் இருக்காது.

டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) தனிநபர் புகார்களை விசாரிப்பதில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம், நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். தொலைத்தொடர்பு வழக்குகளை நுகர்வோர் மன்றங்கள் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது.

எங்கள் கடையில் நானே நெட் விற்கலாமா?

விற்கலாம். பிஎம்-வாணி திட்டத்தில் (2020 டிசம்பரில் ஒப்புதல் பெற்ற பொது வைஃபை திட்டம்) டீக்கடையோ மளிகைக்கடையோ லைசென்ஸும் கட்டணமும் இன்றி வைஃபை விற்கலாம். 2025 ஜூனில் டிராய் ஒரு நல்ல முடிவு எடுத்தது. இத்தகைய கடைகளுக்கு 200 மெகாபிட் வரையிலான ஃபைபர் இணைப்பு தரும்போது, வீட்டு வாடிக்கையாளரிடம் வாங்கும் கட்டணத்தைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் வாங்கக் கூடாது. அதற்கு முன் கடைகளிடம் விலை உயர்ந்த வணிக இணைப்பை வாங்கச் சொல்லிவந்தார்கள்.

இதிலெல்லாம் நம் பேச்சு எடுபடுமா?

புதிய தொலைத்தொடர்புச் சட்டத்தின்கீழ் வரும் விதி எதுவும் வரைவாக வெளியாகி, கருத்துக் கேட்ட பிறகே இறுதியாகிறது. டிராயும் கலந்தாய்வு அறிக்கைகளைத் தன் இணையதளத்தில் வெளியிட்டு யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்கிறது. பெரிய நிறுவனங்கள் வழக்கறிஞரை வைத்து எழுதுகின்றன. உங்கள் ஊரில் எந்த நிறுவனத்தின் ஃபைபர் வருகிறது, எது வர மறுக்கிறது, மாதத்தில் எத்தனை நாள் லைன் இருப்பதில்லை என்று நீங்களும் உங்கள் கேபிள்காரரும் சேர்ந்து ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள். கிராமத்துக்கான விதியை எழுதுபவர்கள் கிராமத்திலிருந்தும் கேட்க வேண்டும்.