கர்ப்ப காலத்தில் மூலிகை மருந்து: கேட்க வேண்டியதும் செய்ய வேண்டியதும்

மசக்கைக்குச் சுக்கு, சுகப்பிரசவத்துக்கு ஒரு லேகியம் என்று கர்ப்பிணி இருக்கும் வீட்டில் ஆளுக்கொரு மருந்து சொல்வார்கள். "காலங்காலமாகச் சாப்பிடுவதுதானே, ஒன்றும் செய்யாது" என்பதுதான் உத்தரவாதம்.

அது பாதிதான் உண்மை. சாப்பிட்டதுமே வயிற்றைப் பிடித்தால் பாட்டிமார் கண்டுகொள்வார்கள். பப்பாளிக்காயை விலக்கும் வழக்கத்துக்கு ஆய்வகச் சான்றும் உண்டு: 2002-இல் வெளியான ஆய்வில் காயின் பால் எலியின் கருப்பைத் தசையைச் சுருங்க வைத்தது, பழச்சாறு சுருக்கவில்லை. ஆனால் மெதுவாக வரும் கெடுதல் அனுபவ அறிவுக்குத் தப்பிவிடும். மருந்தில் ஈயம் கலந்திருந்தால் அது நஞ்சுக்கொடியைக் கடந்து சிசுவின் மூளையைப் பாதிக்கலாம். பிள்ளை பள்ளியில் திணறும்போது லேகியத்தை யார் நினைப்பார்கள்?

நியூயார்க்கில் 2011–12-இல் ஆறு கர்ப்பிணிகளுக்கு ஈய நஞ்சேற்றம் இருந்தது தெரியவந்தது. அவர்கள் உட்கொண்டவை இந்தியாவில் தயாரான ஆயுர்வேத மருந்துகள். கர்ப்பிணிகளுக்கு ஈய பாதிப்பு வாய்ப்புண்டா என்று விசாரிப்பது அங்கே சட்டப்படி கட்டாயம், அதனால்தான் வெளிப்பட்டது.

சோதனை எப்படி?

ஒரு மருந்து கருவுக்குக் கெடுதலா என்று அறிய, கருவுற்ற எலி, முயலுக்கு வெவ்வேறு அளவுகளில் மருந்து கொடுத்து, பிரசவத்துக்கு முன் குட்டிகளின் எலும்பையும் உள்ளுறுப்புகளையும் பார்ப்பார்கள். மூலிகையில் சிக்கல் அதிகம்: மண், பருவம், வேரா இலையா என்பதைப் பொறுத்துச் சத்து மாறும். கர்ப்பிணிகளிடமே பலமுறை ஆராயப்பட்ட சில மூலிகைகளில் இஞ்சி ஒன்று. அதுவும் குமட்டலுக்கு, குறைந்த அளவில்.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில், பழைய நூலில் உள்ள முறைப்படி, அந்நூல் சொல்லும் அதே நோய்க்குச் செய்யும் மருந்து உரிமம் பெறத் தனிப் பாதுகாப்புச் சோதனை தேவையில்லை. ஆகவே உரிம எண் இருப்பதாலேயே கர்ப்பிணிக்கு ஏற்றது என்றாகிவிடாது. லேபிளில் சேர்மானம், தொகுதி எண், காலாவதித் தேதி இருக்க வேண்டும். சட்டத்தின் நச்சுப் பட்டியலிலுள்ள பொருள் சேர்ந்த உள்மருந்தில் 'மருத்துவக் கண்காணிப்பில் உட்கொள்ளவும்' என்ற எச்சரிக்கை கட்டாயம். அதை ஆங்கிலத்திலும் இந்தியிலும் அச்சிட்டாலே போதும் என்பதால் தமிழில் மட்டும் தேடாதீர்கள். லேபிளே இல்லாத பொட்டலத்தை வாங்காதீர்கள்.

'ஆண் குழந்தைக்கு மருந்து' என்ற விளம்பரம் பாலினத் தேர்வைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

கெடுதல் நேர்ந்தால்

ரத்தப்போக்கு, வயிற்றுவலி, சிசுவின் அசைவு குறைதல் இருந்தால் மருந்தை நிறுத்தி உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மிச்ச மருந்து, டப்பா, ரசீது மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். மருந்தின் பாதகத்தை 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நீங்களே தெரிவிக்கலாம். சித்த மருந்தானால் தாம்பரம் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் கண்காணிப்பு மையத்தையும் அணுகலாம். இழப்பீட்டுக்கு இரண்டு ஆண்டுக்குள் நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுக்கலாம். வழிகாட்ட 1915 என்ற உதவி எண் உண்டு.

"என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?" என்று மருத்துவர் கேட்டால் கஷாயம், சூரணம், லேகியம் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். திட்டுவாரோ என்று மறைத்தால் நஷ்டம் உங்களுக்கும் பிள்ளைக்கும்தான்.