கட்டளைக்குக் கீழ்ப்படியும் அச்சுப்பொறி

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு

செவ்வாய்ப்பேட்டை என்றதும் யாவர்க்கும் நினைவுக்கு வருபவை வெள்ளிக் கொலுசும் லீ பஜாரின் மளிகை மூட்டைகளுமே. அங்குள்ள மண்டிகளின் வாசலில் சற்று நின்றால் 'கிர்ர்... கிர்ர்' என்றோர் ஓசை கேட்கும். டாட் மேட்ரிக்ஸ் என்னும் புள்ளி அச்சுப்பொறி பில் அடிக்கும் ஓசை அது. மெல்லிய ஊசிகள் மைநாடாவின்மீது தட்டித் தட்டிப் புள்ளிகளால் எழுத்தை உண்டாக்குகின்றன. அடித்து எழுதுவதால் கார்பன் வைத்து ஒரே தடவையில் இரண்டு மூன்று பிரதிகள் எடுக்கலாம். வியாபாரிகள் அதனை இன்னும் கைவிடாததற்குக் காரணம் இதுவே.

அச்சிடுவதற்குத் திரையில் ஒரு சிறு படத்தைத் தொட்டால் போதும் என்றுதான் நாங்களும் எண்ணியிருந்தோம். படமே இல்லாத கறுப்புத் திரையில், எழுத்துகளை மட்டும் தட்டி அச்சுப்பொறியை வேலை வாங்க முடியும் என்பதைச் சென்ற ஆண்டுவிழாவின்போதுதான் கற்றுக்கொண்டோம். நாங்கள் அறிந்ததை நீங்களும் அறிய வேண்டுமென்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இருண்டது திரை

பரிசளிப்பு விழாவுக்கு முதல்நாள் மாலை. பரிசு பெறுவோர் பெயர்ப்பட்டியலைத் தமிழில் அச்சிட்டுப் பெற்றோர் கையில் கொடுக்க வேண்டுமென்று தலைமையாசிரியை அருட்சகோதரி அவர்கள் எங்கள் குழுவினரிடம் ஒப்படைத்திருந்தார்கள். பட்டியலை முன்பே தட்டச்சு செய்து சேமித்து வைத்திருந்தோம். அன்று பார்த்துக் கணிப்பொறியின் படத்திரை வர மறுத்துவிட்டது. கறுப்புத் திரையும் சிமிட்டும் ஒரு சிறு கோடுமே மிஞ்சின. எங்கள் முகமும் இருண்டது. கணினி ஆசிரியையோ சிரித்தார்கள். "படம்தானே போயிற்று? கணிப்பொறி போகவில்லையே!" என்று கூறி எங்கள் அருகில் அமர்ந்தார்கள்.

கட்டளையின் வரலாறு

1969-ஆம் ஆண்டு அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி ஆகியோர் யூனிக்ஸ் என்னும் இயக்க முறையைத் தொடங்கினர். அக்காலத்தில் படத்திரை ஏது? எல்லா வேலைக்கும் எழுத்துக் கட்டளைதான். அந்த ஆய்வுக்கூடத்தின் காப்புரிமைப் பிரிவினர் தங்கள் விண்ணப்பங்களைத் தட்டச்சு செய்து அச்சிடுவதற்கு யூனிக்ஸைப் பயன்படுத்தினர். ஆகவே அச்சு வேலை அதற்குத் தொட்டிற் பழக்கம் எனலாம்.

1991-ஆம் ஆண்டு பின்லாந்து நாட்டு மாணவர் லைனஸ் டோர்வால்ட்ஸ் அதே வழியில் லினக்ஸின் கருவை எழுதினார். அதனை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய 'பாஸ்' என்னும் இந்திய இயக்க முறை 2007-ஆம் ஆண்டு வெளிவந்தது. எங்கள் ஆய்வகக் கணிப்பொறியில் இருப்பது அதுவே.

இத்தகைய கணிப்பொறிகளில் அச்சு வேலையைக் கவனிப்பது 'கப்ஸ்' என்னும் மென்பொருள். மைக்கேல் ஸ்வீட் என்பவர் உருவாக்கிய இது 1999-ஆம் ஆண்டு வெளிவந்தது. 2002-ஆம் ஆண்டு ஆப்பிள் நிறுவனமும் தன் கணிப்பொறிகளில் இதனை ஏற்றுக்கொண்டது.

கட்டளை இடும் முறை

கட்டளைகளை ஆங்கில எழுத்துகளிலேயே தட்ட வேண்டும். இங்கு அவற்றின் ஒலியை மட்டும் தமிழில் தருகிறோம். முதன்மையான கட்டளை 'எல்.பி.' என்னும் இரண்டே எழுத்துகள். வரிவரியாக அச்சிட்ட பழைய 'லைன் பிரிண்டர்' பொறியின் பெயர்ச்சுருக்கம் அது. அவ்விரு எழுத்துகளையும் சிறிய எழுத்தில் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, கோப்பின் பெயரைத் தட்டி, என்டர் விசையை அழுத்தினால் போதும்.

கூடுதல் விருப்பங்களை ஒரு சிறு கோடும் ஓர் எழுத்தும் சேர்த்துத் தெரிவிக்கலாம். கோடும் சிறிய 'டி'யும் இட்டு அச்சுப்பொறியின் பெயரைத் தந்தால் அந்தப் பொறிக்கே செல்லும். கோடும் சிறிய 'என்'னும் இட்டு எண்ணைத் தந்தால் அத்தனை பிரதிகள் வரும். கோடும் பெரிய 'பி'யும் இட்டு 1-4 என்றால் முதல் நான்கு பக்கங்கள் மட்டும் வரும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. 'எல்.பி.ஆர்.' என்று இன்னொரு கட்டளையும் உண்டு. முன்னது பெல் ஆய்வுக்கூடத்தாரின் வழி வந்தது. பின்னது கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தாரின் வழி வந்தது. கப்ஸ் இரண்டையும் ஏற்கும். ஆனால் எல்.பி.ஆரில் பெரிய 'பி' என்றால் பக்கம் அன்று, அச்சுப்பொறியின் பெயர்! அக்காள் தங்கையராயினும் குணம் வேறு.

வரிசையில் நில்

கட்டளை தட்டியதும் கோப்பு நேரே காகிதத்திற்குப் போய்விடுவதில்லை. முதலில் கப்ஸ் அதன் நகலை ஓரிடத்தில் சேமித்து, வேலைக்கு ஓர் எண் கொடுத்து வரிசையில் நிறுத்துகிறது. ரேஷன் கடையில் நாம் நிற்பதைப் போலத்தான். இதனை 'ஸ்பூல்' என்பர். அச்சொல்லுக்கு நூல் சுற்றும் உருளை என்பது பொருள். அம்மாப்பேட்டைத் தறிக்காரர் நூலைச் சுற்றி வைத்துக்கொண்டு பிறகு தறிக்கு ஏற்ப எடுத்து நெய்வதில்லையா? கணிப்பொறி விரைவானது, அச்சுப்பொறி மெதுவானது. வேகமானவர் மெதுவானவருக்காகக் காத்துக்கிடக்க வேண்டாம் என்பதற்கே இந்த ஏற்பாடு.

அடுத்து வடிகட்டி எனப்படும் சிறு நிரல்கள் வருகின்றன. அவை அந்தக் கோப்பு வெறும் எழுத்தா, படமா என்று பார்த்து, அச்சுப்பொறிக்குப் புரியும் மொழிக்கு மாற்றுகின்றன. அதன் பிறகே கம்பி வழியாகவோ வலையமைப்பு வழியாகவோ செய்தி பொறியை அடைகிறது.

தடுமாறிய தமிழ்

ஆசிரியை சொல்லச் சொல்ல நாங்கள் தட்டினோம். மாதிரிக்கு ஒரு தாள் வந்தது. ஆவலுடன் எடுத்துப் பார்த்தோம். ஐயோ! கொம்புகளெல்லாம் இடம் மாறிக் கிடந்தன.

காரணம் இதுதான். 1991-ஆம் ஆண்டு வெளிவந்த யூனிகோடு என்னும் உலகப் பொதுக் குறியீட்டில் தமிழுக்கும் இடம் உண்டு. அதில் 'தெ' என்பது முதலில் 'த', அதன் பின் கொம்பு என்ற வரிசையிலேயே சேமிக்கப்படுகிறது. எழுதும்போதோ நாம் கொம்பை முன்னே போடுகிறோம். இந்த இடமாற்றத்தைச் செய்ய ஒரு மென்பொருள் வேண்டும். வெறும் எழுத்துக் கோப்பை அச்சிட்ட எங்கள் வடிகட்டிக்கு அது தெரியவில்லை; சேமித்த வரிசையிலேயே வரைந்துவிட்டது. அன்னை தெரசாவின் பெயரையே அவ்வாறு எழுதிப் பாருங்கள். கொம்பு 'த'வுக்குப் பின்னே சென்று அடுத்த எழுத்தைப் பற்றிக்கொள்ள, 'தரெசா' என்று ஆகிவிடும்! கறுப்புத் திரையில் தமிழ் வெறும் கட்டங்களாகவே தெரிந்ததால், தாளைப் பார்க்கும் வரை எங்களுக்கு இது தெரியவில்லை.

எங்கள் தோழி ஒருத்தியின் பெயரும் கொம்பில்தான் தொடங்கும். அவளுக்கு அவ்வாண்டுதான் முதல் பரிசு. அவள் தந்தையார் லீ பஜாரில் மூட்டை சுமப்பவர். எழுத்துக் கூட்டித் தமிழ் படிப்பார். தன் மகளின் பெயரை அந்தத் தாளில் விரல் வைத்துத் தேடுவார் அல்லவா? அவள் தாளை வாங்கிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அதுவரை ஆளுக்கொரு பக்கம் பேசிக்கொண்டிருந்த நாங்கள் மௌனமானோம்.

குழாய் காட்டிய வழி

ஆசிரியை 'பேப்ஸ்' என்ற சிறு நிரலை முன்பே கணிப்பொறியில் சேர்த்து வைத்திருந்தார்கள். யூனிகோடு எழுத்தை வாங்கி, கொம்பையும் காலையும் உரிய இடத்தில் அமைத்து, அச்சுப்பொறிக்கு ஏற்ற பக்கமாக மாற்றித் தருவது அதன் வேலை. முதலில் 'பேப்ஸ்', பிறகு கோப்பின் பெயர், பிறகு ஒரு நெட்டைக்கோடு, இறுதியில் 'எல்.பி.' என்று தட்டினோம்.

அந்த நெட்டைக்கோட்டைக் 'குழாய்' என்பர். ஒரு நிரல் தருவதை அடுத்த நிரலின் வாயில் ஊற்றுவது அது. டக் மெக்கில்ராய் என்பவரின் இக்கருத்து 1973-ஆம் ஆண்டு யூனிக்ஸில் இடம்பெற்றது. ஒவ்வொரு நிரலும் ஒரு வேலையை மட்டும் செவ்வனே செய்யும். சேர்ந்தால் பெரிய வேலையும் முடியும். கொலுசுப் பட்டறையிலும் ஒருவர் கம்பி இழுக்க, ஒருவர் பற்றவைக்க, ஒருவர் மெருகிட, முடிவில் ஒரு கொலுசு பிறக்கிறதல்லவா?

தாள் வந்தது. கொம்புகள் தத்தம் இடத்தில் அழகாக நின்றன. தோழியின் பெயரை நாங்கள் அனைவரும் ஒரே குரலில் படித்தோம்.

நாற்பதும் நானூறும்

மகிழ்ச்சியில் கவனம் சிதறிற்று. நாற்பது பிரதி என்று தட்டுவதற்குப் பதில் நானூறு என்று தட்டிவிட்டோம்! தாள்கள் வந்துகொண்டே இருந்தபோதுதான் விழித்துக்கொண்டோம். மின்சாரத்தை நிறுத்தப் பாய்ந்தவளை ஆசிரியை தடுத்தார்கள். இடையில் நிறுத்தினால் தாள் உள்ளே சிக்கும் என்றார்கள். 'எல்.பி.ஸ்டாட்' என்று தட்டினால் வரிசையில் உள்ள வேலைகளும் அவற்றின் எண்களும் தெரியும். 'கேன்சல்' என்று தட்டி அந்த எண்ணைத் தந்தால் வேலை நீங்கும். அவ்வாறே செய்தோம். பொறியின் நினைவில் முன்பே புகுந்துவிட்ட சில தாள்கள் மட்டும் வந்தபின் ஓசை அடங்கிற்று. மிகுந்த தாள்களின் பின்பக்கம் பல நாட்கள் எங்களுக்குக் கணக்குப் போட உதவிற்று. "காகிதம் உங்கள் பெற்றோரின் உழைப்பு" என்று அருட்சகோதரி கூறியதை நாங்கள் மறக்கவில்லை.

எனவே தோழியரே, கட்டளையிடுமுன் ஒருமுறை படியுங்கள். முதலில் ஒரே பிரதி எடுத்துப் பாருங்கள். எந்த அச்சுப்பொறிக்குச் செல்கிறது என்பதைக் கவனியுங்கள். வலையமைப்பில் பல பொறிகள் இருந்தால் நம் தாள் வேறோர் அறையில் போய் விழும். வினாத்தாளோ மதிப்பெண் பட்டியலோ அவ்வாறு விழுந்தால் என்னவாகும்? எண்ணிப் பாருங்கள்.

மறுநாள் விழா இனிதே நடந்தது. தோழியின் தந்தையார் பின்வரிசையில் அமர்ந்து, தாளில் விரலை வைத்து மெல்ல நகர்த்திக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் விரல் நின்றது. பிறகு அத்தாளை நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

ஒரு கொம்பு இடம் மாறினால் யாருக்கு என்ன நட்டம் என்று இனி நாங்கள் கேட்க மாட்டோம்.